பல மொழிகள் இருப்பது தண்டனையா? பாபேல் கதை பற்றி

கேள்வி: பாபேல் கோபுரக் கதையின்படி, உலகில் பல மொழிகள் உண்டானது மனிதனின் ஆணவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனைதானா?

ஞாயிறு பள்ளியில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் கதையை அதன் முன்பின் அதிகாரங்களோடு சேர்த்துப் படிக்கும்போது, ஆணவம் என்பது சரி, தண்டனை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தின் 11-ஆம் அதிகாரத்தில் ஒன்பதே வசனங்கள்தான் இந்தக் கதை. ஒரே மொழி பேசும் மக்கள் சிநெயார் சமவெளியில் குடியேறுகிறார்கள். கல்லுக்குப் பதில் செங்கல், சாந்துக்குப் பதில் நிலக்கீல் என்று வைத்து ஒரு நகரத்தையும் வானளாவிய கோபுரத்தையும் கட்டத் தொடங்குகிறார்கள். நமக்குப் பேர் உண்டாக வேண்டும், பூமியெங்கும் சிதறிப் போகக் கூடாது என்று காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். கடவுள் இறங்கி வந்து மொழியைத் தாறுமாறாக்க, வேலை நின்றுபோகிறது. கோபுரம் இடிந்து விழுந்ததாக அங்கே ஒரு வரிகூட இல்லை. கோபுரத்தைக் கட்டியவன் என்று பலர் சொல்லும் நிம்ரோத் மன்னனின் பெயரும் இந்த அதிகாரத்தில் வராது. அவனைக் கோபுரத்தோடு சேர்த்து எழுதியவர்களில் முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் முக்கியமானவர்.

என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது அந்தச் செங்கல்தான். எபிரேயத்தில் பாபேல் என்று அழைக்கப்படும் பாபிலோனில் மர்துக் தெய்வத்துக்காக எதெமெனான்கி என்ற அடுக்குக் கோபுரம் நிஜமாகவே இருந்தது. அடித்தளம் ஒரு பக்கத்துக்குச் சுமார் 91 மீட்டர். கி.மு. ஆறாம் நூற்றாண்டில் அதை முடித்த இரண்டாம் நேபுகாத்நேச்சார், தன் ஆட்சிக்குட்பட்ட பல நாட்டு மக்களை அந்த வேலையில் இறக்கியதாகக் கல்வெட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். அவன் காலத்துச் சுட்ட செங்கற்களில் ‘பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார், நபொபொலாசரின் மூத்த மகன்’ என்று முத்திரை குத்தியிருக்கும். உலகின் பல அருங்காட்சியகங்களில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். ‘நமக்குப் பேர் உண்டாகப் பண்ணுவோம்’ என்ற வசனத்தை அந்த முத்திரையைப் பார்த்த பிறகு படித்துப் பாருங்கள். எருசலேமை அழித்து யூதர்களைச் சிறைப்பிடித்துக்கொண்டு போனவனும் இதே மன்னன்தான். இந்தக் கதை இன்றைய வடிவத்தைப் பெற்றதில் அந்தப் பாபிலோன் அனுபவத்துக்குப் பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது. (1980-களில் பாபிலோனில் நேபுகாத்நேச்சாரின் அரண்மனையைத் திரும்பக் கட்டிய சதாம் உசேனும் செங்கற்களில் தன் பெயரைப் பொறிக்க வைத்தார்.)

அப்புறம், 10-ஆம் அதிகாரம். பெருவெள்ளத்தில் தப்பிய நோவாவின் சந்ததியார் தங்கள் தங்கள் வம்சம், மொழி, தேசத்தின்படி பிரிந்து பரவினார்கள் என்று பாபேலுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. அதில் கண்டனமோ சாபமோ கிடையாது. அதற்கும் முந்தைய அதிகாரத்தில் ‘பூமியை நிரப்புங்கள்’ என்று கடவுள் ஆசீர்வதிக்கிறார். கோபுரம் கட்டியவர்கள் மறுத்தது இந்தப் பரவலைத்தான். எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே பேச்சில், ஒரே பெயரின் கீழ் இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தையே கதை ஆணவமாகக் காட்டுகிறது என்பது என் வாசிப்பு. மொழிகள் பிரிந்ததும் அவர்கள் தடுக்கப் பார்த்த அந்தப் பரவல் நடந்துவிடுகிறது.

பண்டைய மெசொப்பொத்தாமியாவின் சுமேரியர்களிடமும் இதற்கு நெருக்கமான ஒரு கதை உண்டு. உருக் நகரத்து மன்னன் என்மெர்கார் பற்றிய கவிதையில், என்கி என்ற தெய்வம் மனிதர்களின் வாயில் பேச்சை மாற்றுகிறது. அங்கே மனிதர் செய்த குற்றம் என்று எதுவும் சொல்லப்படவில்லை. அந்தக் கவிதை மொழி பிரிந்ததைச் சொல்கிறதா, இனி ஒன்றாகும் என்பதைச் சொல்கிறதா என்ற விவாதம் அறிஞர்களிடையே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தண்டனை என்று அடித்துச் சொல்பவர்களுக்கு நான் காட்டுவது புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் நூலின் 2-ஆம் அதிகாரம். இயேசுவின் சீடர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் பார்த்தர், மேதர் என்ற கிழக்கு நாட்டவரும் மெசொப்பொத்தாமியாவில் குடியிருப்பவர்களும் எருசலேமில் கூடியிருக்கிறார்கள். பல மொழிகள் சாபமாக இருந்திருந்தால் அது நீங்கி எல்லோரும் ஒரே மொழிக்குத் திரும்பியிருக்க வேண்டிய நாள் அது. அங்கே அவரவர் தங்கள் ஜென்ம பாஷையிலேயே சீடர்கள் சொல்லும் செய்தியைக் கேட்கிறார்கள்.