கச்சேரிக்கு முன் இலவச விளக்க உரை: கேள்வி-பதில்

கேள்வி: பரதநாட்டிய அழைப்பிதழில் '5.30க்கு இலவச விளக்க உரை, 6.30க்கு நிகழ்ச்சி' என்று போட்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் முன்னால் போய் உட்கார்ந்தால் பலன் உண்டா? (பாளையங்கோட்டை)

பதில்: உரையாற்றுபவர் பாடியாவது ஆடியாவது காட்டுவாரா என்று அழைப்பிதழில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள். வெறும் பேச்சு என்றால் வீட்டில் காப்பி குடித்துவிட்டு 6.15க்குப் போனால் போதும். பரத முனிவரில் தொடங்கி, பேச்சாளரின் பட்டங்களில் முடியும் உரைகள்தான் அதிகம்.

நல்ல உரைக்கு அன்றைய வர்ணம் என்ற நீண்ட உருப்படி ஒன்றே போதும். புதிதாகப் பார்ப்பவர்கள் பொறுமை இழப்பது அங்கேதான். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். ஒரே வரியைப் பத்துத் தடவை பாடுவார்கள். ஆடுபவர் ஒவ்வொரு தடவையும் அதே வரிக்கு வேறு பொருள் காட்டுவார். இடையிடையே ஜதி (தாளச் சொற்கட்டுக்கு ஆடும் பகுதி) வரும். இந்த மூன்றும் தெரியாதவருக்கு 'பாடினதையே பாடுகிறார்களே' என்றுதான் தோன்றும். உரையில் ஒரு வரியைப் பாடி, மூன்று விதமாக அபிநயம் பிடித்துக் காட்டினால் மேடையில் நடப்பது பிடிபட்டுவிடும். கூடவே ஆதி தாளத்தையும் போடச் சொல்லிக்கொடுக்க வேண்டும்: ஒரு தட்டு, சுண்டுவிரலில் தொடங்கி மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு-வீச்சு இரண்டு தடவை, ஆக எட்டு. ஜதி முடிகிற இடம் தாளத்தில் எங்கே விழுகிறது என்று உங்கள் கையே சொல்லிவிடும்.

இன்னொன்றும் கேளுங்கள்: உரை அதே அரங்கிலா, வேறு அறையிலா? அதே அரங்கு என்றால் மைக் சோதனை 5.30க்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பேச்சாளர் ராகத்தை விளக்க, பின்னால் மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்கும் தட்டல் கேட்டுக்கொண்டிருந்தால் இரண்டுமே வீண்.

கேள்வி: முழுக்க முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகள் பாடும் கச்சேரிக்குப் போகிறோம். சமஸ்கிருதம் தெரியாது. முன்னுரையில் எதைக் கேட்டுக்கொள்வது? (கோவில்பட்டி)

பதில்: தீட்சிதர் 1835-ல் மறைந்த எட்டயபுரம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அவர் சமாதியும் அங்கேதான். பாட்டு முழுவதற்கும் அர்த்தம் கேட்டால் அரை மணி போதாது. ஒவ்வொரு பாட்டிலும் இரண்டே சொற்கள் எங்கே வருகின்றன என்று கேளுங்கள். ஒன்று, தன் பாட்டு என்று காட்ட அவர் வைக்கும் முத்திரைச் சொல்லான 'குருகுஹ'. மற்றது, ராகத்தின் பெயர். பல கிருதிகளில் அதைச் சாகித்தியத்துக்குள்ளேயே, அதாவது பாட்டு வரிகளுக்குள்ளேயே, பொதிந்து வைத்திருக்கிறார். எல்லாரும் அறிந்த 'வாதாபி கணபதிம்' பாட்டின் கடைசியில் நடை விரைகிற இடத்தில் இரண்டும் அடுத்தடுத்து வரும்: 'குருகுஹ', உடனே 'ஹம்ஸத்வனி'. அந்த விரைவுப் பகுதிக்கு மத்யமகால சாகித்தியம் என்று பெயர். கூடவே ஹம்ஸத்வனியில் ம, த இரண்டும் கிடையாது என்று பாடிக் காட்டச் சொன்னால், அடுத்த தடவை ராகத்தை நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

கேள்வி: 350 ரூபாய் டிக்கெட்டில் 'இசை விளக்க உரை இலவசம்' என்று அச்சிட்டிருந்தது. போனால் உரை ரத்து. 'இலவசத்துக்கு என்ன கேள்வி' என்கிறார்கள். டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டியும் தனியாக வாங்கினார்கள். (தென்காசி)

பதில்: இரண்டையும் பிரித்துப் பாருங்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், கட்டணமே இல்லாத சேவை 'சேவை' என்ற கணக்கில் வராது. யாரும் வரலாம் என்று திறந்த உரை ரத்தானால் வழக்குக்கு இடமில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டிலேயே உரை உண்டு என்று அச்சடித்தால், அதுவும் நீங்கள் பணம் கொடுத்து வாங்கியதில் ஒரு பகுதி என்று வாதிடலாம். டிக்கெட்டையும் விளம்பரத்தையும் படம் எடுத்து வைத்து, முதலில் அமைப்பாளருக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஆனாலும் 350 ரூபாய்க்கு ஆணையம் வரை அலைவது லாபமில்லை. பெரும்பாலும் 1915-லேயே முடித்துக்கொள்ளலாம்.

ஜிஎஸ்டி விஷயம் வேறு. ஆளுக்கு 500 ரூபாய்க்கு மேற்படாத இசை, நடன, நாடக நுழைவுச் சீட்டுக்கு அந்த வரி கிடையாது. ஆன்லைனில் வாங்கியிருந்தால் ரசீதைப் பிரித்துப் பாருங்கள். முன்பதிவுத் தளம் தன் சேவைக் கட்டணத்துக்கு வரி போட்டிருக்கும், அது சரிதான். டிக்கெட் விலைக்கே போட்டிருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: இலவச உரை முடிந்ததும் வாசலில் பெயர், செல்போன் எண் கேட்டு எழுதுகிறார்கள். கொடுக்கலாமா? (வண்ணாரப்பேட்டை)

பதில்: கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பாட்டு வகுப்புக்கு ஆள் பிடிக்கும் நோட்டுப் புத்தகம் அது. வாசலில் நிற்கும் அண்ணாச்சியிடம் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஓடிபி கேட்டால் மட்டும் நின்று, எதற்கு என்று கேளுங்கள். உரை கேட்க ஓடிபி எதற்கு?

கேள்வி: மகள் சான் பிரான்சிஸ்கோவில் ஓபராவுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறாள். அங்கேயும் முன்னுரை உண்டாமே? (அம்பாசமுத்திரம்)

பதில்: உண்டு. டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு இலவசம், திரை தூக்குவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்னால். ஆங்கிலத்தில்தான் இருக்கும். பாட்டு இத்தாலிய மொழியிலோ ஜெர்மன் மொழியிலோ இருந்தாலும் மேடைக்கு மேலே ஆங்கில வரிகள் ஓடும். கதைச் சுருக்கத்தை விமானத்திலேயே படித்துவிடுங்கள். உரையில் கதை கேட்டு நேரம் போக்க வேண்டாம். கதையை நகர்த்தும் பேச்சுப்பாட்டு எது, கதை நின்று உணர்ச்சி பாடும் ஆரியா எது என்று பிரித்துக் கேட்கத் தெரிந்தால் போதும். நம் ஊர்போலப் பாதியில் நுழைய முடியாது: நிகழ்ச்சி தொடங்கிவிட்டால் இடைவேளை வரை வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோவில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு. இளவட்டங்களுக்குப் புரிய, முன்னால் ஒருவரை வைத்து விளக்க உரை நடத்தலாமா? தனியாகச் சன்மானம் கேட்கிறார். (சேரன்மகாதேவி)

பதில்: வேண்டாம். வில்லுப்பாட்டிலேயே அது இருக்கிறது. கடவுள் வணக்கமான காப்பு முடிந்ததும் 'வருபொருள் உரைத்தல்' என்று புலவரே இன்றைக்கு என்ன கதை என்று சொல்லித்தான் தொடங்குவார், அவையடக்கமும் பாடுவார். அதைப் பத்து நிமிடம் விரித்து, வில்லில் அடிக்கும் வீசுகோல், குடம், உடுக்கை, தாளம், கட்டை ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாசித்துக் காட்டச் சொல்லி அவரிடமே பேசுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிவிட வேண்டும்; மேடையில் ஏறியபின் சொன்னால் பாட்டு நேரத்தில்தான் குறையும். சன்மானப் பணத்தில் குடத்துக்குத் தனி மைக் ஒன்று போடச் சொல்லுங்கள். பாடுபவர் மைக்கை மட்டும் நம்பினால் குடத்தின் அடி பின்வரிசைக்குக் கேட்காது.