குதிரையில போய் மாடு ஓட்டலாமா?

கேள்வி: அண்ணா, ஸ்பெயின்ல குதிரை மேல உக்காந்துக்கினு மலைக்கு மாடு ஓட்டிட்டு போற டூர் இருக்காம், எங்க வீட்லயும் மாடு உண்டு, ஆனா குதிரை ஏறினதே இல்ல, போலாமா? (பொய்கை வாசகர்)

பதில்: தாராளமா போங்க தம்பி, ஆனா குதிரை கத்துக்காம போகாதீங்க. அது ஷோ கிடையாது, மே கடைசி, ஜூன்ல புல்லு தேடி மலை ஏறி, குளிருக்கு முன்னாடி இறங்குற அந்த ஊரு மாட்டுக்காரங்க பொழப்பு. மாட்டுக்குன்னே பழைய பாதைங்க இருக்கு, பெரிய பாதைன்னா 75 மீட்டர் அகலம், 1995-ல சட்டமே போட்டு காப்பாத்துறாங்க, நம்மூரு மேய்ச்சல் புறம்போக்கை நினைச்சா வயிறு எரியுது எனக்கு. இப்படி மந்தையை மலைக்கு ஓட்டுற வழக்கம் யுனெஸ்கோவோட பாரம்பரியப் பட்டியல்ல இருக்கு, 2023-ல அதுல ஸ்பெயினையும் சேத்தாச்சு.

நாள் பூரா சேணத்துல உக்காரணும், அதனால மூணு நாலு மாசமாவது பழகுங்க, தையல் உறுத்துற ஜீன்ஸ் வேணாம், தொடை உரிஞ்சிடும். மாட்டை விரட்டாதீங்க, பின்னாடி ஓரமா மெதுவா போங்க, தாய்க்கும் கன்னுக்கும் நடுவுல மட்டும் குதிரையை விட்ராதீங்க, அது உங்களுக்கே தெரியும். ஸ்பெயின் போக வாங்குற ஷெங்கன் விசாவுக்கு, குறைஞ்சது 30,000 யூரோ வரைக்கும் மருத்துவச் செலவை கவர் பண்ற இன்சூரன்ஸ் கட்டாயம், அதுல குதிரை சவாரியும் கவர் ஆகுதான்னு கேட்டுட்டு பணம் கட்டுங்க.