கோவர் கடற்கரைகள்: கேள்விகளும் பதில்களும்

வேல்ஸில், சுவான்சிக்கு மேற்கே கடலுக்குள் நீண்டிருக்கும் கோவர் தீபகற்பம் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: அண்ணா, கார்டிஃபிலிருந்து காரில் ஒருநாள் வருகிறோம். எந்தக் கடற்கரைக்குப் போகலாம்?

பதில்: இடத்தை அப்புறம் முடிவு செய்யுங்கள் தம்பி. அன்றைக்குக் கடல் எப்போது வற்றுகிறது என்று முதலில் பாருங்கள். கோவரை ஒட்டிய பிரிஸ்டல் கால்வாய் என்ற கடற்பகுதி உள்ளே போகப் போகக் குறுகுவதால், வரும் தண்ணீர் பரவ இடமில்லாமல் உயர்கிறது. சென்னையில் கடல் ஏறி இறங்குவது சுமார் 1 மீட்டர்தான். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 8 மீட்டரைத் தாண்டும்.

மியூஸ்லேட் என்ற சிறு குடாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கடல் ஏறியிருக்கும்போது போனால் மணலே இருக்காது, பாறையில் அலைதான் மோதும். வற்றிய பிறகு போனால் சுண்ணாம்புப் பாறைச் சுவர்களுக்கு நடுவே அகலமான மணல். பக்கத்து ஃபால் பே வரை மணலிலேயே நடக்கலாம். என்னைக் கேட்டால் கோவரிலேயே அழகான இடம் இதுதான்.

கேள்வி: வர்ம்ஸ் ஹெட் பாறைத்தீவுக்கு நடந்தே போகலாமாமே, ஆபத்தில்லையா?

பதில்: நேரம் தவறினால் ஆபத்துதான். கடல் முழுதாக வற்றும் நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டரை மணி நேரம் மட்டுமே பாதை வெளியே தெரியும். பாதை என்றால் சாலை இல்லை. சிப்பி ஒட்டிய கூரான பாறைகள், நடுநடுவே தேங்கிய குட்டைகள். செருப்போடு போகாதீர்கள், பிடிமானமுள்ள ஷூ வேண்டும். கரையில் உள்ள கண்காணிப்பு நிலையத்தில் அன்றைய நேரத்தைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். மாட்டிக்கொண்டால் தண்ணீரில் இறங்கவே கூடாது. தீவிலேயே இருந்து 999-ஐ அழைத்துக் கடலோரக் காவலைக் கேளுங்கள். கவிஞர் டிலன் தாமஸே இளமையில் இங்கே சிக்கிக் காத்திருந்தவர்.

கேள்வி: த்ரீ கிளிஃப்ஸ் பேயில் பிள்ளைகளைக் குளிக்க விடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். கடல் ஏறும்போது நீரோட்டம் இழுக்கும். மேலே பென்னார்ட் கோட்டை இடிபாட்டருகே நின்று பாருங்கள், ஓடை வளைந்து வந்து கடலில் சேர்வது முழுதாகத் தெரியும். குளிக்க காஸ்வெல் அல்லது லாங்லண்ட் போங்கள், கோடையில் உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது.

பதில்: ஆக்ஸ்விச். காரை நிறுத்தினால் எதிரே மணல். பாறைமேட்டின் மேலிருக்கும் ரொசிலி ஊருக்கும் கூட்டிப் போங்கள், கீழே இறங்கத் தேவையில்லை. மேலிருந்தே சுமார் 3 மைல் நீளக் கரையும் தெரியும். 1887-இல் கரைதட்டிய ஹெல்வெட்டியா கப்பலின் மர விலாக்கள் கடல் வற்றும்போது மணலில் நீட்டிக்கொண்டிருக்கும்.

கேள்வி: பேவிலண்ட் குகை?

பதில்: 1823-இல் நிலவியல் அறிஞர் வில்லியம் பக்லண்ட் அங்கே செங்காவி படிந்த எலும்புகளைக் கண்டெடுத்து, ரோமானியர் காலத்துப் பெண் என்று நினைத்தார். உண்மையில் அது 30,000 ஆண்டுகளுக்கும் முந்தைய ஆணின் எலும்புக்கூடு. பாறையில் தொற்றி ஏற வேண்டும், குழந்தைகளோடு வேண்டாம்.

கேள்வி: கார் இல்லை அண்ணா.

பதில்: சுவான்சியிலிருந்து ரொசிலிக்குப் பஸ் உண்டு. திரும்பும் கடைசி பஸ்ஸின் நேரத்தைக் காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் நேரமிருந்தால் சுவான்சி சந்தையில் பென்க்ளவ்த் மட்டி வாங்கிச் சாப்பிடுங்கள். அது கோவரின் வடகரைச் சேற்றுவெளியில் அள்ளியது.