'வெர்ப்' என்பதும் 'வேர்ட்' என்பதும் ஒரே வேரா?

வினைச்சொல்லைக் குறிக்கும் ஆங்கில 'வெர்ப்', சொல் என்று பொருள்படும் 'வேர்ட்' இரண்டும் ஒரே வேர் என்று அகராதி சொல்கிறதே, ஒன்று ப ஒலியில் முடிகிறது, மற்றது ட ஒலியில், இதை நானே எப்படிச் சரிபார்ப்பது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அகராதி சொல்வது சரிதான். ஆனால் ஒலியைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு சொல்லும் எந்த வழியாக வந்தது என்று பாருங்கள், பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். 'வேர்ட்' ஆங்கிலத்தின் சொந்தச் சொல், ஜெர்மன் மொழியின் 'வோர்ட்' அதன் உடன்பிறப்பு. 'வெர்ப்' இரவல், லத்தீனின் 'வெர்பும்' பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. லத்தீனில் அதற்குப் பொருளே 'சொல்' என்பதுதான். ஆக, நீங்கள் ஒப்பிட வேண்டியது 'வெர்பும்', 'வேர்ட்' இரண்டையும்.

சரி, ஒலிக்கு வருவோம். லத்தீன், ஆங்கிலம், சமஸ்கிருதம் எல்லாவற்றுக்கும் தாயான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் 'தர்மம்' என்பதன் முதல் ஒலி போல மூச்சு கலந்த ஒரு த இருந்தது. அது ஆங்கிலத்தில் ட ஆனது, லத்தீனிலோ ர-வை ஒட்டி வரும்போது, 'கம்பு' என்பதில் கேட்கும் அந்த ப ஆனது. ஒரே ஒரு சோடியை வைத்து இப்படிச் சொன்னால் நான்கூட நம்ப மாட்டேன். சிவப்புக்கு லத்தீனில் 'ரூபெர்', ஆங்கிலத்தில் 'ரெட்', சமஸ்கிருதத்தில் ருதிரம் (நாம் உதிரம் என்கிறோமே, அதேதான்). தாடிக்கு 'பார்பா', 'பியர்ட்'. பசுவின் மடிக்கு 'ஊபெர்', 'அடர்'. ஒரே மாற்றம் திரும்பத் திரும்ப வருகிறது பாருங்கள், இதுதான் சாட்சி. லிதுவேனிய மொழியில் பெயரைக் குறிக்கும் 'வர்தஸ்' என்ற சொல்லும் இதே குடும்பம், அங்கே மூச்சு மட்டும் போய் த நிற்கிறது.

வெறும் சாயலை மட்டும் நம்பிவிடாதீர்கள். லத்தீன் 'ஹபேரே', ஆங்கில 'ஹேவ்' இரண்டுக்கும் 'வைத்திருத்தல்' என்றே பொருள், கேட்கவும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் உறவே இல்லை. மூலமொழியின் க ஆங்கிலத்தில் ஹ ஆகும் என்பதால் 'ஹேவ்' என்பதன் உண்மையான சொந்தம் 'பிடித்தல்' என்று பொருள்படும் லத்தீன் 'கபேரே'.

அப்புறம் இன்னொன்று. 'வெர்பும்' இலக்கணச் சொல்லானதற்கு ஒலிமாற்றம் காரணம் இல்லை. கிரேக்க இலக்கணக்காரர்கள் வினைச்சொல்லை 'ரேமா' என்றார்கள், 'சொல்லப்பட்டது' என்று பொருள். ரோமானியர்கள் அதைத் தங்கள் மொழியில் பெயர்த்துக்கொண்டார்கள். தொல்காப்பியம் வைத்திருக்கும் 'வினை' செயலிலிருந்து பிறந்த பெயர், அது வேறு பார்வை. அதனால் ஒரு கலைச்சொல்லின் வேரைத் தேடும்போது இரண்டு வரலாறுகளைத் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள்: ஒலி எங்கிருந்து வந்தது, பொருள் எங்கிருந்து வந்தது. அகராதியில் உடுக்குறி (*) போட்டிருக்கும் வடிவம் எந்த ஏட்டிலும் கிடைத்ததல்ல, ஒப்பிட்டு மீட்டெடுத்தது என்பதையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.