2, 3 போட்டால் 1-க்குப் பாதகமா?

டப்ளினில் முதல் முறையாகக் கவுன்சில் தேர்தலில் வாக்களிக்கப் போகிறேன், பிடித்தவருக்கு 1 மட்டும் போட்டுவிட்டு வரலாமா, 2, 3 போட்டால் அவருக்கே பாதகமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே சீட்டில் வேட்பாளர்களுக்கு உங்கள் விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என்று எண் போட வேண்டும். 2, 3 போடுவதில் பாதகமே இல்லை, தைரியமாகப் போடுங்கள். உங்கள் 1 ஜெயித்தாலோ தோற்று வெளியேறினாலோ ஒழிய, 2-ஐ யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

கணக்கு இதுதான்: 5 இடங்கள், செல்லும் வாக்குகள் 12,000 என்றால், இடங்களைவிட ஒன்று கூடுதலான 6-ஆல் வாக்குகளை வகுத்து, வருவதோடு ஒன்று கூட்டுவார்கள். 2,001 வாங்கினால் ஜெயம். அதற்கு மேல் இருக்கும் மிகை வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். அப்புறம் கடைசியில் நிற்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளையும் பிரிப்பார்கள். இப்படியே சுற்றுச் சுற்றாக இரண்டு நாள்கூட எண்ணுவார்கள், பொறுமைசாலிகள்! கடைசி இடத்துக்கான இழுபறியில் 4, 5-ஆம் விருப்பங்கள்கூடப் பேசும். வெறும் 1 போட்ட சீட்டு அதற்குள் ஓரங்கட்டப்பட்டிருக்கலாம்.

எல்லாருக்கும் எண் போட வேண்டியதில்லை. ஆனால் 2-ஐ விட்டு 3-க்குத் தாவினால் சீட்டு 1-உடன் நின்றுவிடும். இரண்டு பேருக்கு 1 போட்டால் செல்லாது. ஐரிஷ் குடியுரிமை தேவையில்லை. 18 வயதும் அங்கே வசிப்பும் போதும். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று மட்டும் இப்போதே பாருங்கள்.