கலங்கரை விளக்கத்துக்கு யார் காசு கொடுப்பது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சாமுவேல்சனின் பொருளியல் பாடநூலில், அரசே ஏற்று நடத்த வேண்டிய பொதுப்பண்டத்துக்கு (ஒருவர் பயன்படுத்துவதால் குறையாத, எவரையும் விலக்குவது கடினமான ஒன்றுக்கு) கலங்கரை விளக்கம் உதாரணமாக வருகிறது என்று வகுப்பில் சொன்னார்கள். பாம்பன் விளக்கைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது எளிதில் புரிந்தது. ஆனால் அந்த உதாரணமே தவறு என்று பின்னாளில் ஒருவர் நிறுவிவிட்டாராமே?
– கல்லூரி மாணவி, மண்டபம்

பதில்: 'நிறுவிவிட்டார்' என்பது மிகை. 1948இல் முதற்பதிப்பு கண்டு, நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குச் சென்ற அந்த நூலில் பால் சாமுவேல்சனின் வாதத்துக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒளியைக் கண்டு பாறையைத் தவிர்த்துச் செல்லும் கப்பலிடம் கட்டணம் வாங்குவது கடினம் என்பது முதலாவது. அப்படியே வாங்க முடிந்தாலும், இன்னொரு கப்பல் அந்த ஒளியைப் பயன்படுத்துவதால் கூடுதலாக ஒரு காசும் செலவாவதில்லை என்பதால், கட்டணத்துக்கு அஞ்சி ஒரு கப்பல் ஒதுங்கிப்போனாலும் அது சமூகத்துக்கு வீண் இழப்பே என்பது இரண்டாவது.

1974இல் பொருளியலாளர் ரொனால்டு கோஸ் மறுத்தது பெரும்பாலும் முதற்பகுதியைத்தான். இங்கிலாந்தில் தனியார் பலர் அரசரிடம் உரிமை பெற்று விளக்குகளைக் கட்டி, துறைமுகத்துக்கு வந்த கப்பல்களிடம் ஒளிக்கட்டணம் வசூலித்ததை அவர் வரலாற்றிலிருந்து எடுத்துக் காட்டினார். ஆனால் அந்த உரிமையை அளித்ததும், கட்டாமல் தப்ப முடியாதபடி செய்ததும் அரசின் அதிகாரமே என்பதால், அதைத் தனியார் சந்தையின் வெற்றி என்று என்னால் ஏற்க இயலவில்லை.

நம் நாட்டிலும் 1927ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கச் சட்டமும், அதற்கு மாற்றாக வந்த 2021ஆம் ஆண்டுச் சட்டமும், துறைமுகத்துக்கு வரும் கப்பல்களிடம் கட்டணம் வாங்கும் வழியையே பின்பற்றுகின்றன. ஆனால் உங்கள் கடலை எண்ணிப்பாருங்கள். ஆதாம் பாலத்தை ஒட்டி ஆழம் குறைவு என்பதால் பெருங்கப்பல்கள் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போகின்றன. பாம்பன் விளக்கைப் பார்த்துக் கரை சேர்பவை பெரும்பாலும் வல்லங்களும் விசைப்படகுகளும்தான். பெரிய துறைமுகங்களில் வசூலாகும் பணத்தில் எரியும் விளக்கு, அங்கே காசு கட்டாத வல்லத்துக்கும் வழிகாட்டுகிறது. சாமுவேல்சனின் இரண்டாம் பகுதியை யாரும் அசைத்துவிடவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் தேட மாட்டேன்.

கேள்வி: அப்படியானால் கடல் மீனும் எல்லோருக்கும் பொதுதானே, அதற்கு மட்டும் தடைக்காலம் எதற்கு?
– விசைப்படகு உரிமையாளர், தொண்டி

பதில்: ஒருவர் பார்ப்பதால் ஒளி குறைவதில்லை, ஒருவர் பிடித்த மீன் இன்னொருவர் வலையில் விழாது. எவரையும் விலக்குவது கடினம் என்பதில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் எடுக்க எடுக்கக் குறைவது மீன். இத்தகையவற்றைப் பொது வளங்கள் என்று தனியே வகுத்து எளிமையாக விளக்கியவர்களில் ஒருவர், இன்று உலகெங்கும் அதிகம் படிக்கப்படும் அறிமுகப் பாடநூல்களில் ஒன்றை எழுதிய கிரெகரி மான்கியூ. நீங்கள் பிடிக்கும் ஒவ்வொரு கிலோ மீனின் வருமானமும் உங்களுக்கு வருகிறது. அதனால் குறையும் இனப்பெருக்கத்தின் இழப்போ எல்லாப் படகுகள் மீதும் பரவுகிறது. எனவே தனித்தனியே கணக்குப் பார்க்கும் எவருக்கும் நிறுத்தக் காரணம் இல்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளை நிறுத்திவைப்பதும், பாக் நீரிணையில் நாட்டுப்படகுகளுக்கும் விசைப்படகுகளுக்கும் வாரநாள்களைப் பிரித்துக்கொடுப்பதும் அந்த இழப்பைக் கணக்கில் கொண்டுவரும் முயற்சிகளே. அந்நாள்களுக்கான நிவாரணத் தொகை போதுமா என்பது வேறு கேள்வி. போதாது என்ற உங்கள் தரப்பில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் மகனுக்கு, என் அண்ணன் வைத்திருந்த சாமுவேல்சனின் பழைய பதிப்பு பயன்படுமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: தேவை–அளிப்பு, ஒப்பீட்டு அனுகூலம், தேசிய வருமானம் ஆகிய அடிப்படைகளுக்குத் தாராளமாகப் பயன்படும். புள்ளிவிவரங்களையும் முன்கணிப்புகளையும் நம்ப வேண்டாம். சோவியத் உற்பத்தி அமெரிக்காவை 1984க்கும் 1997க்கும் இடையே எட்டிவிடக்கூடும் என்று 1961 பதிப்பு கணித்தது. பின்வந்த பதிப்புகளில் அந்த ஆண்டு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 1991இல் சோவியத் ஒன்றியமே கலைந்துவிட்டது. கையில் இருப்பது 1985க்குப் பிந்தைய பதிப்பானால் வில்லியம் நோர்டாஸும் இணையாசிரியராக இருப்பார். இந்தியப் பொருளாதாரப் பகுதிக்கு மட்டும் புதிய நூல் ஒன்றை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.