கீழ் முதுகில் எல்4-எல்5 முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க்கில் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. காலில் எரிச்சலும் பாதத்தில் மரமரப்பும் போகவில்லை. ஆபரேஷன் தோல்வியா?

இரண்டு மாதத்தில் அந்த முடிவுக்கு வர வேண்டாம். ஆபரேஷனில் நரம்பை அழுத்திய டிஸ்க் துண்டை எடுக்கிறார்கள், அவ்வளவுதான். நசுங்கிக் கிடந்த நரம்பு தேறுவது அதற்குப் பிறகுதான் தொடங்கும். நரம்பின் மேலுறை மட்டும் கெட்டிருந்தால் சில வாரம், சில மாதம் ஆகும். உள்ளிழையே சிதைந்திருந்தால் அது ஒரு நாளைக்குச் சுமார் 1 மி.மீ.தான் வளரும். இடுப்பிலிருந்து பாதம் வரை கணக்குப் போட்டால் இரண்டு வருடத்தையும் தாண்டலாம். அதனால்தான் பலருக்கும் தொடையிலிருந்து சுளீரென்று இறங்கும் வலி முதலில் போகிறது, கால் கட்டைவிரல் பக்கத்து மரமரப்பு கடைசிவரை இழுக்கிறது. ஆபரேஷனுக்கு முன் நரம்பு நீண்ட காலம் நசுங்கியிருந்தால் அதில் கொஞ்சம் நிரந்தரமாகவும் தங்கலாம். அப்படித் தங்கினாலும் பலருக்கும் நடையும் வேலையும் திரும்பும்.

எனவே தினமும் வலிக்கு மதிப்பெண் போட்டு மனம் உடையாதீர்கள். எவ்வளவு நேரம் நடக்க, உட்கார முடிகிறது, இரவில் எத்தனை முறை வலி எழுப்புகிறது என்று வாரம் ஒரு முறை குறித்தால் போதும்.

கொஞ்சம் தேவலை என்று தோன்றும் நாளில் ஒரே மூச்சாக 40 நிமிடம் நடந்துவிட்டு, மறுநாள் முழுக்கப் படுத்துக்கிடப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. 10 நிமிடமாக நாலு வேளை நடங்கள். வாரத்துக்கு 2, 3 நிமிடம் கூட்டுங்கள். கூடிய வலி மறுநாள் காலையிலும் இருந்தால் பழைய அளவுக்குத் திரும்புங்கள்; நடையை நிறுத்த வேண்டாம். 20, 30 நிமிடத்துக்கு மேல் ஒரேயடியாக உட்காராதீர்கள். தரையில் சம்மணமிடுவது, குந்துவது இப்போதைக்கு வேண்டாம். வீட்டில் இந்தியக் கழிப்பறை என்றால் கமோடு நாற்காலி வாங்கிவிடுங்கள். நிறைகுடத் தண்ணீர் 15 கிலோ வரும், தொடவே கூடாது. எழும்போது ஒருக்களித்து, முட்டியை மடக்கி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கியபடியே கையை ஊன்றி எழுங்கள். இடுப்பு பெல்ட்டை நாள் முழுக்கக் கட்டியிருந்தால் முதுகுத் தசை இளைக்கக்கூடும்.

நரம்பு வலிக்குத் தரும் பிரகாபலின், காபாபென்டின் போன்றவை வலிக்கும்போது மட்டும் போடும் மாத்திரைகள் அல்ல. திடீரென்று நிறுத்தினால் தூக்கம் கெடும், வலி கூடும். டாக்டர் சொல்லி மெல்லக் குறைக்க வேண்டும். டுலாக்ஸிடின் எழுதித் தந்தால் 'மனச்சோர்வு மாத்திரை' என்று பயந்து விடாதீர்கள், நரம்பு வலிக்கும் அதைத்தான் தருகிறார்கள். டிராமடால் என்ற வலி மாத்திரை மலச்சிக்கல் தரும், முக்கினால் முதுகு வலிக்கும். கூடவே மலமிளக்கி வேண்டுமென்று நீங்களே கேளுங்கள்.

சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ தெரியாமல் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி உணர்ச்சி குறைந்தாலோ, பாதம் புதிதாகத் தொங்கினாலோ அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். காய்ச்சல், தையலில் நீர்க்கசிவு, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குவது, நிமிர்ந்தால் வந்து படுத்தால் போகும் தலைவலி, இவற்றையும் தள்ளிப்போட வேண்டாம்.

நன்றாகக் குறைந்திருந்த கால்வலி திடீரென்று பழைய வேகத்தில் திரும்பி, இருமினால் பாதம்வரை பாய்ந்தால், டிஸ்க் மறுபடி பிதுங்கியிருக்கலாம். அப்போது எடுக்கும் எம்ஆர்ஐ-க்கு மருந்து செலுத்தி எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். ஆபரேஷன் செய்த இடத்துத் தழும்பையும் புதுப் பிதுக்கத்தையும் பிரித்துக் காண அது உதவும்.